ஓரிரவுத் தூரம்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்லும் தூரத்தில் இது பாதிக்கும் குறைவு. ஒரு சிறு விமானம் வாகைக்குளத்தில் எழும்பி மன்னார் வளைகுடாவைக் குறுக்காகக் கடந்து கட்டுநாயக்காவில் இறங்குமானால் முக்கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது. ஆனால் அப்படி ஒரு விமானம் இல்லை. இன்று தூத்துக்குடிக்காரர் ஒருவர் தம் ஊர் விமான நிலையத்திலிருந்து கொழும்பு செல்ல விரும்பினால், முதலில் வடக்கே 500 கிலோமீட்டருக்கும் மேலாகப் பறந்து சென்னையை அடைய வேண்டும். அங்கே வேறு விமானம் மாறி, வந்த திசையிலேயே தெற்கு நோக்கி 640 கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டும். முன்னால் தெரியும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொடங்குகிற பயணம் இது. நேர்த்தூரத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். பறக்கும் நேரம் மூன்று மணிக்குள் அடங்கினாலும், காத்திருப்பும் சோதனைகளும் சேர்ந்து ஒரு பகலை விழுங்கிவிடும்.

1900ஆம் ஆண்டில் இதே ஊர்க்காரர் மாலையில் கப்பலேறி, மறுநாள் காலையில் கொழும்புத் துறைமுகத்தைப் பார்த்திருப்பார்.

இயந்திரங்களின் வேகம் பன்மடங்கு கூடிய ஒரு நூற்றாண்டில் இவ்விரு நகரங்களும் எப்படி ஒன்றையொன்று விட்டு விலகின? தூரம் மாறவில்லை. அதைக் கடக்கும் நேரத்தை நிர்ணயிக்கும் கைகள்தாம் மாறிக்கொண்டே இருந்தன. முத்துக்குளித்துறையின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே வாசித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

*

தூரத்தை நாட்களால் அளப்பது பழைய வழக்கம். அலெக்சாந்தருடன் வந்த ஒனெசிகிரித்தோஸ், தப்ரபேன் என்று கிரேக்கர் அழைத்த இலங்கைத் தீவு இந்தியப் பெருநிலத்திலிருந்து இருபது நாள் கடற்பயணத் தொலைவில் உள்ளதாக எழுதினார். எரதொஸ்தனீஸ் அதை ஏழு நாள் என்றார். இந்த இரண்டு கணக்குகளும் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி ஒரு விளக்கம் தருகிறார். இருபது நாள் என்பது நாணற்கலங்களின் கணக்கு, ஏழு நாள் என்பது தங்கள் நாட்டுக் கப்பல்களின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பது அவர் கூற்று. தீவு இருந்த இடத்திலேயே இருந்தது; கலம் மாறியதும் அது பக்கத்தில் வந்துவிட்டது.

பிளினி இன்னும் இரண்டு செய்திகளைத் தருகிறார். இந்தக் கடல் ஆழமற்றது, திட்டுகள் நிறைந்தது. குறுகிய கால்வாய்களில் கலத்தைத் திருப்ப முடியாது என்பதால் இருபுறமும் முகப்பு வைத்தே கட்டினார்கள் என்பது ஒன்று. மாலுமிகள் விண்மீன்களைப் பாராமல், பறவைகளை உடன் கொண்டுசென்று பறக்கவிட்டு, அவை கரையை நாடிச் செல்லும் திசையில் கலத்தைச் செலுத்தினார்கள் என்பது மற்றொன்று. இந்நீர்ப்பரப்பின் மேல் வான்வழியைக் கரை தேடப் பயன்படுத்தியவர்களைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

ஆழமற்ற அந்தத் திட்டுகள்தாம் இந்தக் கரைக்குச் செல்வத்தைத் தந்தன. முத்துச்சிப்பி வளரும் பார்கள் வளைகுடாவின் இருபுறமும் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் சலாபம் கூடினாலும், மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையிலோ மரிச்சுக்கட்டியிலோ கூடினாலும், குளியாளிகளும் படகுகளும் வணிகர்களும் இரு கரையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். ஓராண்டு முத்து விளைந்தால் பல ஆண்டுகள் விளையாமல் போகும். ஆகவே ஒரு கரையை மட்டும் நம்பி வாழ இயலாது. கடலை எல்லையாகக் கருதாமல், இரு வாசல் கொண்ட முற்றமாகப் பாவித்த வாழ்க்கை அது.

பெரிப்ளூஸ் நூலும் தாலமியும் சொல்லும் கொல்கோய் நம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து விலக்கியது. பின்னர் காயல், அதன் பின் புன்னைக்காயல், இறுதியில் தூத்துக்குடி என்று துறை இடம் பெயர்ந்துகொண்டே வந்தது. போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். அவர்கள் காலத்து ஏற்பாடு ஒன்று கவனிக்கத்தக்கது. மதுரைக் கரை என்று அவர்கள் அழைத்த இப்பகுதியின் நிர்வாகம் கொழும்பிலிருந்த டச்சு ஆளுநரின் கீழ் இருந்தது. தூத்துக்குடியின் தலைமைப் பண்டகசாலை தன் கணக்கையும் கடிதத்தையும் வளைகுடாவுக்கு அப்பால்தான் அனுப்பியது. கொழும்பே தலைநகர், கடலே அலுவலகப் பாதை. 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் முடிவாக வந்தபோதுதான் அது சென்னையை நோக்கித் திரும்பி உட்கார்ந்தது.

*

1870களின் நடுவில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை தூத்துக்குடியை வந்தடைந்தது. இரயிலையும் கப்பலையும் இணைத்து ஒரே பயணமாக்கும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. சென்னையில் ஏறி ஏறத்தாழ 22 மணி நேரம் இரயிலில் வந்து, தூத்துக்குடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, ஓரிரவில் கொழும்பை அடையலாம். பின்னாளில் 'போட் மெயில்' என்று பெயர் பெற்ற வண்டியின் தொடக்கம் இதுவே.

தூத்துக்குடியின் கடல் அன்றும் ஆழமற்றதுதான். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் பல மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பயணிகளையும் மூட்டைகளையும் சிறு படகுகளில் கொண்டுசென்று ஏற்ற வேண்டியிருந்தது. கப்பலைக் காண்பதற்கும் கப்பலில் கால் வைப்பதற்கும் இடையே கடலின் குணத்தைப் பொறுத்துச் சில மணி நேரம் கரைந்தது.

அந்தப் பாதையின் இலாபம் முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணம் எவ்வளவு, யார் சரக்கு முதலில் ஏறும், யார் எங்கே அமர வேண்டும் என்பவையெல்லாம் அதன் விருப்பம். 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கம் கைவைத்தது இந்த இடத்தில்தான். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை வாங்கினார். முன்னின்று இயக்கியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி.யைச் செக்கிழுத்தவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் முதலில் ஒரு பாதையைப் பற்றிச் சிந்தித்தவர் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தொடக்கத்தில் சங்கத்திடம் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்குக் கப்பல் தந்தவர்கள் ஆங்கிலக் கம்பெனியின் நெருக்கடிக்குப் பணிந்து பின்வாங்கியபோது, வ.உ.சி. கொழும்புக்கே சென்று ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வந்தார். எதிர்க்கரையைத் துணைக்கு அழைத்துத்தான் இக்கரையின் உரிமையை அவரால் நிலைநாட்ட முடிந்தது. 1907இல் சங்கத்தின் சொந்தக் கப்பல்களான 'காலியோ'வும் 'லாவோ'வும் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் பயணம் செய்யலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம். இந்த விகிதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இக்கடலைக் கடந்தவர்களில் யார் பெரும்பான்மை என்பதை அந்த 1,300 என்ற எண் சொல்லிவிடுகிறது.

பின் நிகழ்ந்த கட்டணப் போர் பலரும் அறிந்தது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அதன் பின் ஆங்கிலக் கம்பெனி இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் தருவதாகச் சொன்னது என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது கப்பல்களும் இல்லை, கம்பெனியும் இல்லை. கொழும்புக்கு ஓரிரவில் செல்லும் பாதை மட்டும், பழைய முதலாளியின் கையில், அப்படியே இருந்தது.

*

சாதாரண வகுப்பின் அந்த 1,300 பேருக்குத் தூரம் வேறுவிதமாக அளக்கப்பட்டது. இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் வடபாதை வழியாகவே சென்றார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்கில் மாத்தளை நோக்கி நடந்தார்கள். காலராவும் பசியும் அவ்வழியில் கொன்றவர்கள் ஏராளம். பிளேக் அச்சத்தால் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டு, தொழிலாளர் போக்குவரத்து தூத்துக்குடி வழியாகத் திருப்பப்பட்டது. ஊருக்குச் சற்றுத் தொலைவில் தட்டப்பாறையில் இலங்கை அரசின் முகாம் ஒன்று இயங்கியது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

கழுத்தில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர வில்லை. அதைக் காட்டினால் கையில் காசு இல்லாமலே பயணம் செய்யலாம்; செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். கங்காணியின் ஏட்டில் அது பெரும்பாலும் தொழிலாளியின் கடனாகவே வந்து சேர்ந்தது. முதல் வகுப்பில் செல்பவருக்குக் கொழும்பு ஓரிரவு. தகர வில்லை அணிந்தவருக்கு முகாமில் சில நாட்கள், கப்பல் தளத்தில் ஓரிரவு, பிறகு கடன் தீரும்வரை திரும்ப முடியாத ஆண்டுகள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமையின் ஒரு பெண் அந்தத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்வதைப் படித்தவர்களுக்கு, இந்த 280 கிலோமீட்டரின் உண்மையான நீளம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

*

1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்கு 35 கிலோமீட்டர் மட்டுமே. ஓரிரவுக் கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. இக்கடப்புக்கென்றே 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்ச்' என்ற டர்பைன் கப்பல்கள் வந்தன. போட் மெயில் தூத்துக்குடியைக் கைவிட்டது. தட்டப்பாறையின் வேலையைப் பின்னர் மண்டபம் முகாம் ஏற்றுக்கொண்டது.

சென்னையிலிருந்து பார்த்தால் இது முன்னேற்றம். தூத்துக்குடியிலிருந்து பார்த்தால், எதிர்வீட்டுக்குச் செல்ல ஊரைச் சுற்றிப் போகச் சொல்வதற்கு ஒப்பானது. ஆயினும் உறவு அறுந்துவிடவில்லை. பரதவக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கடை இங்கும் ஒரு கடை கொழும்பிலும் இருந்தன. காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்களுக்கும் அப்படியே. தோணிகள் சரக்கோடு போய்வந்தன. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் அவை கரையில் ஓய்வெடுக்கும். கடல் அடங்கியதும் தண்டல் மீண்டும் பாய் விரிப்பார். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் அந்தத் தோணி உலகத்தின் எழுச்சியையும் தேய்வையும் சொல்கிறது.

உண்மையான கதவடைப்பு காகிதத்தில் நிகழ்ந்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடலைக் கடக்க ஆவணம் கேட்டது. தாத்தாவின் கடைக்குப் பேரன் போய்வருவது அயல்நாட்டுப் பயணமாயிற்று. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது நின்றது. முத்தும் ஏமாற்றிவிட்டது, தூத்துக்குடிக் கரையின் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

*

இதற்கிடையே வானம் திறந்திருந்தது. 1935 நவம்பர் 27ஆம் நாள் கொழும்பின் இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. அது சென்னையிலிருந்து வந்த சிறு விமானம். 1938இல் டாட்டாவின் அஞ்சல் விமானப் பாதை திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியது. அந்தப் பாதைகள் எதிலும் தூத்துக்குடி இல்லை.

காரணம் எளியது. கப்பலுக்குக் கரை வேண்டும். எனவே எதிர்க்கரையை நோக்கியிருக்கும் ஊர் முக்கியத்துவம் பெறும். விமானத்துக்குக் கரை ஒரு பொருட்டே இல்லை. அது கரையோர ஊர்களின் தலைக்கு மேலே பறந்து, பயணிகளும் அதிகாரிகளும் நிறைந்த பெருநகரிலிருந்து பெருநகருக்குச் செல்லும். பூகோளம் தூத்துக்குடிக்குக் கொடுத்திருந்த ஒரே சலுகையான அருகாமை வானில் செல்லாக்காசாயிற்று. விமான நிலையம் வாகைக்குளத்தில் திறக்கப்பட்டதே 1992இல்தான். ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் நீட்டப்பட்டு, புதிய முனையக் கட்டடம் 2025 ஜூலை 26ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. பெரிய விமானங்கள் இறங்க இனி இடமிருக்கிறது. எதிர்க்கரைக்குப் போகும் விமானம்தான் இல்லை. 2012 முதல் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானச் சேவை தொடங்கியது. அதைப் பிடிக்க விரும்பும் தூத்துக்குடிக்காரர் கொழும்புக்கு எதிர்த்திசையில் 150 கிலோமீட்டர் சாலையில் செல்ல வேண்டும்.

கடல்வழியை மீண்டும் திறக்க ஒரு முயற்சி நடந்தது. 2011 ஜூன் 13ஆம் நாள் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யக்கூடிய கப்பல். மீண்டும் அதே ஓரிரவு. பணநெருக்கடியால் அதே ஆண்டு நவம்பரில் அது நின்றுபோயிற்று. மலிவு விமானக் கட்டணத்தோடு போட்டியிட வேண்டிய காலத்தில், பயணிகளை மட்டும் நம்பிய கப்பலுக்கு ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க இயலவில்லை. வ.உ.சி.யின் கப்பல்களை வீழ்த்த ஓர் அரசும் ஒரு பெருங்கம்பெனியும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. இந்தக் கப்பலை வீழ்த்த எதிரி யாரும் தேவைப்படவில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பல் சேவை, இந்தத் தாகம் இன்னும் வற்றவில்லை என்பதற்குச் சாட்சி.

*

கொழும்புக்கான ஓரிரவுப் பாதை உண்மையில் அழியவே இல்லை. 1974 ஜூலை 11ஆம் நாள் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து சரக்குப் பெட்டகங்கள் சிறு கப்பல்களில் கொழும்புக்குப் போகின்றன. அங்கே பெரிய கப்பல்களுக்கு மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. இறால் போகிறது, பின்னலாடை போகிறது. ஒரு நாளுக்குள் கொழும்பு. இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் கிழக்குக் கரைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், கப்பலுக்கு இன்றும் சென்னையைவிடக் கொழும்பே பக்கம். அந்தச் சுற்றைத் தவிர்க்க 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் பாதியில் நிற்கிறது. பிளினி குறித்த அதே திட்டுகள்தாம் தடை.

ஆக, பெட்டகத்துக்குக் கொழும்பு ஓரிரவுத் தூரத்தில் இருக்கிறது. மனிதருக்கு மட்டும் அது சென்னைக்கு அப்பால் போய்விட்டது. வணிகம் தனக்கு வேண்டிய அருகாமையைக் காப்பாற்றிக்கொண்டது. உறவுக்கு வேண்டிய அருகாமையைக் காக்க ஆளில்லை. கொழும்பில் பிறந்து இக்கரையில் மணமுடித்தவர்களும், இக்கரையில் பிறந்து அக்கரையில் கடை வைத்தவர்களும் ஒரு தலைமுறைக்குள் அருகிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கொழும்பு, துபாயைப் போலவோ சிங்கப்பூரைப் போலவோ, விமானமேறிப் போகும் ஒரு வெளிநாடு.

இரு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் இன்று நொடியில் ஓர் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை நாணற்கலம் இருபது நாளாக்கியது, நீராவி ஓரிரவாக்கியது, முகாம் வாரமாக்கியது, கடன் ஓர் ஆயுளாக்கியது, சட்டம் வெளிநாடாக்கியது. 1906இல் தூத்துக்குடியில் சிலர் அந்த நேரத்தைத் தாங்களே நிர்ணயிக்க ஆசைப்பட்டு, ஆளுக்கு 25 ரூபாய் போட்டுக் கப்பல் வாங்கினார்கள். அவர்கள் தோற்ற கதையை நாம் தியாகமாகக் கொண்டாடுகிறோம். அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் விடையின்றித் துறைமுகத்தில் நிற்கிறது.